ஓ.பி. சீட்டில் இரண்டு பேர்

தமிழ்நாட்டில் எந்த பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைக்குள் நுழைந்தாலும் சுவரில் அந்த நோட்டீஸைப் பார்க்கலாம். ஆண்மைக் குறைவு, மேகவெட்டை, ரகசிய நோய்கள். மாதத்தில் இன்னின்ன தேதிகளில் இன்ன ஊர் லாட்ஜில் வைத்தியர் தங்குவார். பால்வினை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் கிரந்தியும் வெட்டையும், அதாவது சிபிலிஸும் கொனோரியாவும், பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த நோட்டீஸ் சுவரில் நிற்கிறது என்றால், நோயாளி தேடும் ஏதோ ஒன்றைத் தருவதாக அது சொல்கிறது என்று பொருள். வெளியே யாருக்கும் தெரியாது என்பதே அந்த வாக்கு. ஆஸ்பத்திரி அந்த உறுதியைத் தரத் தவறும்போது லாட்ஜ் அறையின் கதவு திறக்கிறது. ஆனால் நோட்டீஸைக் கொஞ்சம் நின்று படித்தால் இன்னொன்றும் புரியும். அது ஒரே ஓர் ஆளிடம் பேசுகிறது, அதுவும் ஓர் ஆணிடம். அவனுடைய மனைவியோ காதலியோ அதில் எங்கும் இல்லை. போலி மருந்தைவிட இதுதான் பெரிய பிழை என்று நினைக்கிறேன். ஏனென்றால் இதே பிழையை நல்ல டாக்டர்களும் நல்ல குடும்பங்களும்கூடச் செய்கிறார்கள். பால்வினைத் தொற்றில் நோயாளி என்றால் ஒரு ஜோடி. ஒருவருக்கு மட்டும் கொடுக்கும் சிகிச்சை, எவ்வளவு உயர்ந்த மருந்தானாலும், பாதிச் சிகிச்சைதான்.

இதற்கு நோயின் இயல்பே காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் மட்டும் கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைகோமோனாஸ் ஆகிய நான்கு தொற்றுகள் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களிடையே 37 கோடிக்கு மேல் புதிதாக வந்தன. நான்குமே மருந்தால் முழுதாகக் குணமாகக் கூடியவை. ஆனாலும் ஏன் இவ்வளவு? பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரிவதில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு வலியோ எரிச்சலோ இருக்காது. ஆண்களிலும் கணிசமானவர்களுக்கு அப்படித்தான். கணவனுக்குச் சிறுநீர் போகும்போது எரிகிறது, மாத்திரை சாப்பிடுகிறான், எரிச்சல் நிற்கிறது. மனைவிக்கு எந்தத் தொந்தரவும் இல்லாததால் அவளை யாரும் கேட்பதில்லை. சில வாரத்தில் அவனுக்கு மறுபடி எரிகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று அவன் வேறு டாக்டரிடம் போகிறான். மருந்து வேலை செய்துதான் இருந்தது, தொற்று வீட்டுக்குள்ளேயே காத்திருந்தது. இதற்கிடையே சத்தமில்லாமல் அவளுடைய கருக்குழாய்கள் அடைபட்டுப் போகலாம். சில ஆண்டுகள் கழித்துக் குழந்தை இல்லை என்று கோயில் கோயிலாக ஏறும்போது, அந்தப் பழைய மாத்திரைச் சீட்டை யாரும் நினைத்துப் பார்க்கப் போவதில்லை. வீட்டில் ஒரு குழந்தைக்குத் தலையில் பேன் என்றால் எல்லாருடைய தலையையும் பார்க்கிற நாம், இந்த நோயில் மட்டும் ஒருவரோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நிறுத்திக்கொள்வது அறியாமையால் மட்டும் அல்ல. இரண்டாவது ஆளை அழைத்தவுடன் ஒரு கேள்வி எழும் என்ற பயம் அதற்குப் பின்னால் இருக்கிறது: இது யாரால் வந்தது? மனித மனத்துக்கு இயல்பான கேள்விதான். ஆனால் பல நேரங்களில் மருத்துவத்தால் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. கிளமிடியா மாதக்கணக்கில், ஓராண்டுக்கு மேலும்கூட அறிகுறியில்லாமல் உடலில் தங்கும். ஹெர்பிஸ் கிருமி உடலுக்குள் வந்து பல ஆண்டுகள் கழித்து முதல் கொப்புளத்தைக் காட்டலாம். மருவை உண்டாக்கும் எச்.பி.வி.யும் அப்படித்தான். அதனால் இன்றைக்குத் தெரிகிற தொற்றை வைத்து, நேற்று யார் தப்புச் செய்தார் என்று கணக்குப் போட முடியாது. இருவரில் யாருக்கு முதலில் அறிகுறி வந்ததோ அவர்தான் முதலில் வாங்கினார் என்றும் சொல்ல முடியாது. இன்னும் முக்கியமானது, பெண்களுக்கு வெள்ளைப்படுவதெல்லாம் பால்வினை நோய் அல்ல. கேண்டிடா என்ற பூஞ்சையால் வரும் அரிப்பும் தயிர் போன்ற வெள்ளையும், வேறு நோய்க்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டதாலேயே வரலாம், சர்க்கரை நோயாலும் வரலாம். சிபிலிஸைத் தேடும் வி.டி.ஆர்.எல். பரிசோதனைகூட கர்ப்பத்திலும் வேறு சில நோய்களிலும் தவறாக ‘பாசிட்டிவ்’ காட்டுவதுண்டு. இன்னொரு சோதனையால் உறுதி செய்யாமல் அதைத் தீர்ப்பாக எடுக்கக் கூடாது. ஒரு லேப் ரிப்போர்ட்டை வைத்து ஒரு கல்யாணத்தை முறிப்பது நியாயமா என்பது இருக்கட்டும், அது அறிவியல்கூட இல்லை.

ஒருவரை மட்டும் பிடித்துக் குணமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே பெரிய சோதனை நடந்து முடிந்திருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவத்தில் சிப்பாய்களிடையே பால்வினை நோய் பரவியபோது, 1868இல் இந்தியாவில் தொற்று நோய்கள் சட்டம் வந்தது. பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகச் சோதித்து, நோய் இருந்தால் ‘லாக் ஹாஸ்பிடல்’களில் அடைத்துவைத்தார்கள். சென்னை மாகாணத்திலும் அவை இருந்தன. அவர்களிடம் போன ஆண்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பெண்கள் பதிவிலிருந்து தப்பி ஓடினார்கள், ஆஸ்பத்திரி என்றாலே ஒளிந்தார்கள், நோய் குறையவில்லை. 1888இல் சட்டத்தைக் கைவிட்டார்கள். ஒரு பக்கத்தைக் குற்றவாளியாகவும் இன்னொரு பக்கத்தைப் பாதிக்கப்பட்டவராகவும் பிரித்த சிகிச்சை, அதிகாரம் முழுக்க அரசின் கையில் இருந்தபோதுகூடத் தோற்றது என்பதுதான் இதில் பாடம்.

அந்தப் பிரிவினை வேறு உருவத்தில் இன்னும் தொடர்கிறது. 2000களின் தொடக்கத்தில், எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் ஒன்றின் கற்பனை ஆளான புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று தமிழ்நாட்டுச் சுவர்களெல்லாம் கேட்டன. ஊரே பேசாத விஷயத்தை டீக்கடைப் பேச்சாக்கியது அந்த விளம்பரத்தின் சாதனை. ஆனால் நோய் என்பது ஒரு மாதிரியான ஆளுக்கு வருவது என்ற எண்ணத்தையும் அது கூடவே ஆழமாக ஊன்றிவிட்டது. புள்ளிராஜாவின் வீட்டில் இருந்த பெண்ணைப் பற்றி ஊர் கேட்கவில்லை. இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் சோதிக்கிறார்கள். மிகத் தேவையான ஏற்பாடு. சிபிலிஸை நேரத்தில் கண்டுபிடித்துப் பெனிசிலின் ஊசி போட்டால் குழந்தை தப்பிக்கும், விட்டால் வயிற்றிலேயே இறக்கலாம். ஆனால் இதன் பக்கவிளைவு ஒன்றை யாரும் பேசுவதில்லை. வீட்டில் முதலில் சோதிக்கப்படுவது அவள் என்பதால், முதலில் தெரியவருவதும் அவளுக்குத்தான். முதலில் தெரிந்தவளே முதலில் வாங்கியவள் என்று மாமியார் வீடு முடிவு செய்துவிடுகிறது. அதே நாளில், அதே மேஜையில் கணவனுக்கும் சோதனை என்பது வழக்கமாகிவிட்டால் இந்த வரிசை உடைந்துவிடும்.

இனி நடைமுறைக்கு வருவோம். ஒட்டன்சத்திரம் மாதிரி ஊரில் இருபத்து மூன்று, இருபத்து ஐந்து வயது ஜோடி எங்கே போவது? மருத்துவமே இல்லாத ஊர் அல்ல இது. கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மருத்துவமனை 1955 முதல் இங்கே இருக்கிறது. அரசு மருத்துவமனை இருக்கிறது. ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் ஒரு பக்கம் திண்டுக்கல், இன்னொரு பக்கம் பழனி. பால்வினை மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்கு நெடிய பாரம்பரியமும் உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனி நிலையம் வளர்ந்தது. அங்கே பணியாற்றிய ஆர்.வி. ராஜமும் பி.என். ரங்கய்யாவும் டொனோவனோசிஸ் என்ற பால்வினை நோய் பற்றி எழுதிய நூலை 1954இல் உலக சுகாதார நிறுவனமே வெளியிட்டது. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தவர்களும் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும்தான். இன்று மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் ‘சுரக்‌ஷா கிளினிக்’ இயங்குகிறது. சிகிச்சையும் மருந்தும் இலவசம், ஆலோசகரும் உண்டு. எச்.ஐ.வி. சோதனைக்கு நம்பிக்கை மையம் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

இந்தக் கிளினிக்குகள் அறிகுறியைப் பார்த்தே மருந்து கொடுக்கும் முறையைப் பின்பற்றுபவை. அதற்காகச் சாம்பல், பச்சை, வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நிறம் பிரித்த ஏழு மருந்துப் பொட்டலங்கள் வந்தன. சீழ் வடிந்தால் ஒன்று, புண் இருந்தால் ஒன்று, அடிவயிற்று வலிக்கு ஒன்று. லேப் முடிவுக்கு நாள்கணக்கில் காத்திருந்து நோயாளி திரும்பி வராமல் போவதைவிட, வந்த அன்றே மருந்து கொடுத்துவிடுவது நல்லது என்ற எண்ணம். துணைவருக்கும் சிகிச்சை தர வேண்டும் என்பது அதே வழிகாட்டு நெறியிலேயே இருக்கிறது. முறைக்குக் குறையும் உண்டு. அறிகுறியே இல்லாதவரை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளைப்படுதலை மட்டும் வைத்துக் கிளமிடியாவையும் கொனோரியாவையும் ஊகிப்பது பெண்களில் அடிக்கடி தவறிப்போகிறது என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் ராணி பங் குழுவினர் இரண்டு கிராமங்களின் 650 பெண்களைச் சோதித்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மகப்பேறியல் நோயோ பாலியல் நோயோ இருந்தது. அதற்கு முன் பரிசோதனைக்குப் போயிருந்தவர்கள் 8 சதவீதம்தான். பெண் வந்து சொல்வாள் என்று காத்திருக்கும் சிகிச்சை எவ்வளவு பேரை விட்டுவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அவள் வருவதற்கு இருக்கும் எளிய வழிகளில் ஒன்று, அறிகுறி தெரிந்த அவனோடு சேர்ந்து வருவது. ஜோடியை ஒன்றாகப் பார்ப்பது, இந்த முறையின் ஓட்டையையும் கொஞ்சம் அடைக்கிறது.

“இதற்கெல்லாம் டாக்டர் எதற்கு, மெடிக்கலில் சொன்னால் நாலு மாத்திரை கொடுப்பார்கள்” என்பார்கள். கொடுப்பார்கள்தான். கொனோரியாவுக்கு ஒரு காலத்தில் பெனிசிலின் கேட்டது, பிறகு டெட்ராசைக்ளின், பிறகு சிப்ரோஃப்ளாக்சசின். ஒவ்வொன்றாகக் கிருமி தப்பிக்கக் கற்றுக்கொண்டது. கடைசியாகக் கையில் இருக்கும் மருந்துகளுக்கும் எதிர்ப்பு வளர்வதால், 2024இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மருந்தெதிர்ப்புக் கிருமிகளின் முன்னுரிமைப் பட்டியலிலும் கொனோரியாக் கிருமி இருக்கிறது. மெடிக்கலில் வாங்கும் அந்த நாலு மாத்திரை அரைகுறையாகக் கொன்றுவிட்டு, பலமானதை மிச்சம் வைக்கும். சிபிலிஸில் ஆபத்து வேறு மாதிரி. முதல் புண் வலிக்காது. எந்த மருந்தும் இல்லாமலே மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். லாட்ஜ் வைத்தியரின் லேகியம் வேலை செய்ததாகத் தோன்றுவது இதனால்தான். கிருமி உள்ளேயே இருந்து, பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பாக வரும், அதுவும் மறையும், பல ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தொடும். இத்தனைக்கும் இந்தக் கிருமி பெனிசிலினுக்கு இன்றுவரை எதிர்ப்புக் காட்டியதில்லை. ஆரம்ப நிலையில் ஒரு தவணை ஊசி போதும். ஆனால் அந்த ஊசிக்கு அபூர்வமாகக் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால், அவசரத்தைச் சமாளிக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரியில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். லாட்ஜில் அல்ல.

அடுத்த எதிர்வாதம்தான் கனமானது. “சின்ன ஊர். விடிகாலையில் காய்கறி மார்க்கெட்டில் நின்றால் பாதிப் பேர் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம். ஆஸ்பத்திரி வரிசையில் சித்தியின் பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். இருவரும் சேர்ந்து போனால் கதை முடிந்தது.” இதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது, உண்மையான இடர்தான். இதற்கு வீரம் பேசுவது பதில் ஆகாது. திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ பஸ் ஏறிப்போய்ப் பார்த்துக்கொள்வது வெட்கக்கேடு இல்லை, புத்திசாலித்தனம். ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. அவர் ஒரு நாளும் இவர் மறுநாளும் போகலாம், பிறகு போகிறவரிடம் முதலில் போனவரின் நோயறிதல் சீட்டு இருந்தால் போதும். டாக்டர் நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகளிலேயே இருக்கும் கடமை, அவருடைய பெருந்தன்மை அல்ல. “கல்யாணம் ஆகிவிட்டதா?” என்று நர்ஸ் எல்லார் முன்னாலும் கேட்டால், “டாக்டரிடம் தனியாகச் சொல்கிறேன்” என்று பதில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: இருவரில் ஒருவர் 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி டாக்டர் தகவல் தெரிவித்தாக வேண்டும். அதற்காகச் சிகிச்சையைத் தவிர்ப்பது இன்னும் பெரிய ஆபத்து. ஆனால் தெரியாமல் போய் நிற்கக் கூடாது.

கல்யாணம் ஆகாதவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பது தப்பைத் தூண்டுவது என்பது இன்னொரு வாதம். தமிழ்நாடு இந்த வாதத்தை நீதிமன்றம் வரை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டது. 2005இல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைப் பேட்டியில், திருமணத்துக்கு முன் உறவு வைத்துக்கொள்பவர்கள் கர்ப்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் பேசினார். மாநிலம் முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் பாய்ந்தன. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. வயது வந்த இருவர் விரும்பிச் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்றும் சொன்னது. சட்டத்தை விடுங்கள், வாதத்தின் தர்க்கத்தைப் பாருங்கள். சிகிச்சைக்கு வருபவருக்குத் தொற்று ஏற்கெனவே வந்துவிட்டது. அவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதால் எந்த ஒழுக்கமும் மீளாது. நாளைக்கு அவருக்குப் பெற்றோர் பார்த்து வைக்கும் வரனுக்குத்தான் அந்தத் தொற்று போய்ச்சேரும். ஒழுக்கத்தைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிறவர்தான், முதலில் இவரைக் குணமாக்குங்கள் என்று கேட்க வேண்டும்.

“துணையிடம் சொல் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள், சொன்னால் அடிப்பானே, வீட்டைவிட்டுத் துரத்துவானே” என்று ஒரு பெண் கேட்டால் என்ன பதில்? என் வாதத்துக்கு எதிராக வரும் கேள்விகளில் இதை மட்டும் நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அவளுடைய பாதுகாப்பைவிட அவனுக்கான மாத்திரை பெரிதல்ல. எச்.ஐ.வி.க்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. துணைவருக்குத் தெரிவிக்க டாக்டருக்குச் சில நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. ஆனால் சொன்னால் வன்முறையோ கைவிடலோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், சொல்லக் கூடாது. மற்ற தொற்றுகளிலும் அதே அறம் பொருந்தும். அப்படிப்பட்ட இடத்தில் ஆலோசகர் மூலம் சொல்வது, “உங்களுக்கும் ஒரு சோதனை பார்த்துவிடலாம்” என்று பொதுவாக அழைப்பது, ஆணுறை இல்லாமல் உறவுக்குச் சம்மதிக்காமல் இருக்க ஏதேனும் உடல்நலக் காரணத்தை டாக்டரையே சொல்லவைப்பது என்று வழிகள் உண்டு. ஆனால் இந்த விதிவிலக்கைப் பொதுவிதியாக்கிவிடக் கூடாது. அன்பாக இருக்கும் ஜோடிகள்கூடப் பேசாமல் இருப்பது பெரும்பாலும் அடிக்குப் பயந்து அல்ல, சந்தேகத்துக்குப் பயந்து. யாரால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது என்பதை டாக்டரே இருவரிடமும் சொல்லிவிட்டால் அந்தப் பயத்தில் பாதி கரையும்.

துணைக்கும் மருந்து என்பதால் பலன் உண்டா என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் கொனோரியா, கிளமிடியா நோயாளிகளிடம் அவர்களுடைய துணைவருக்கும் மருந்தைக் கொடுத்தனுப்பி நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. கொனோரியா வந்தவர்களில், வழக்கமான முறையில் 11 சதவீதம் பேருக்கு மறுபடி தொற்று இருந்தது; துணைக்கு மருந்து கொடுத்தனுப்பியவர்களில் 3 சதவீதம்தான். கிளமிடியாவில் வித்தியாசம் அவ்வளவு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006 முதல் அந்த முறையை ஆதரித்து வருகிறது. ஒவ்வாமை கேட்க முடியாது, கர்ப்பமா என்று பார்க்க முடியாது என்ற குறைகள் இருப்பதால், நேரில் வருவதே முதல் வழி. வர முடியாதவருக்கு மட்டுமே இது.

ஆக, ஒரு ஜோடி செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒருவருக்கு அறிகுறி தெரிந்தால் இருவரும் சோதித்துக்கொள்ளுங்கள், அதோடு எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். இருவருமே மருந்தை முடிக்கும் வரை, ஒரே தவணை மருந்தென்றால் அதன்பின் 7 நாள், உறவு வேண்டாம். மூன்று மாதம் கழித்து ஒரு மறுசோதனை. ஊர் செய்ய வேண்டியது இன்னும் குறைவு. ஒட்டன்சத்திரம் போன்ற தாலுகா ஊரின் ஆஸ்பத்திரியில் வாரத்தில் ஒரு மாலை, வேலை முடித்து வருபவர்களுக்காகப் பொது ஓ.பி.யாகவே ஒரு நேரம். கதவு சாத்தக் கூடிய ஓர் அறை. ஒரு பெண் ஆலோசகர். கர்ப்பிணி சோதனைக்கு வரும் நாளிலேயே கணவனுக்கும் ஒரு சீட்டு. இவற்றில் எதற்கும் புதுச் சட்டமோ புதுக் கட்டடமோ தேவைப்படாது. அரசு ஆஸ்பத்திரி இதைச் செய்துவிட்டால், லாட்ஜ் வைத்தியரின் நோட்டீஸைக் கிழிக்க போலீஸ் வர வேண்டியதில்லை. அவரைத் தேடி ஆள் வருவது நின்றுவிடும்.